வாயும் அதன் மென்திசுக்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உடலின் உட்பகுதிகளில் நாமே எளிதாகப் பார்த்துக்கொள்ளக்கூடியது வாய். ஒரு கண்ணாடியும் ஒரு டார்ச் விளக்கும் போதும். ஆனால் பார்த்ததற்குப் பெயர் தெரியாதபோது, எல்லோருக்கும் இயல்பாக இருப்பதே நோயாகத் தோன்றிவிடுகிறது. உண்மையான நோயோ, வலிக்கவில்லை என்பதால் கவனத்துக்கு வராமலே போகிறது. பல் மருத்துவ இருக்கையில் உட்கார்ந்தபடி மக்கள் என்னிடம் கேட்கும் கேள்விகளில் திரும்பத் திரும்ப வருபவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். பற்களைப் பற்றி இதில் அதிகம் இல்லை. அவற்றைச் சூழ்ந்திருக்கும் உதடு, கன்னம், ஈறு, அண்ணம், நாக்கு, உமிழ்நீர்ச் சுரப்பிகள் ஆகியவற்றைப் பற்றியே பேசுகிறேன்.

வாய் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது?

உதடுகளில் தொடங்கி, தொண்டைக்கு முன்னால் இருபுறமும் திரைச்சீலை போல இறங்கும் முன் மடிப்புகளில் முடிகிறது. அதற்கு அப்பால் இருப்பது தொண்டை. இந்த இடத்துக்குள் இரண்டு பகுதிகள் உண்டு. பற்களுக்கு வெளியே, உதட்டுக்கும் கன்னத்துக்கும் உட்புறமாக இருக்கும் குறுகிய இடைவெளி ஒன்று. பற்களுக்கு உள்ளே நாக்கு இருக்கும் பெரிய அறை மற்றொன்று. வீட்டுக்குத் திண்ணையும் கூடமும் போல என்று சொல்லலாம். அந்தத் திண்ணையின் கன்னப் பக்கத்துக்கு நம் மொழியில் நல்ல சொல் ஒன்று இருக்கிறது: கொடுப்பு. வெற்றிலையைக் கொடுப்பில் அடக்கிக்கொள்வதும், ஈழத்தில் சொல்வதுபோலக் கொடுப்புக்குள் சிரிப்பதும் இங்கேதான்.

பற்களை இறுகக் கடித்திருந்தாலும், கடைசிக் கடைவாய்ப் பல்லுக்குப் பின்னால் திண்ணைக்கும் கூடத்துக்கும் இடையே ஒரு சிறு வழி இருக்கும். தாடை எலும்பு முறிந்து, பற்களைக் கம்பியால் கட்டி வைத்திருப்பவர்களுக்குக் கஞ்சியும் பழச்சாறும் உள்ளே போவது பெரும்பாலும் அந்த வழியாகத்தான்.

வாயின் உட்புறம் முழுவதும் ஒரே வகைத் தோல்தானா?

இல்லை. இந்த ஒரு வேறுபாடு புரிந்துவிட்டால் மற்றக் கேள்விகளில் பாதிக்கு விடை தானே கிடைத்துவிடும். வாயின் உட்பரப்பு, பற்களையும் சேர்த்து, ஏறக்குறைய 200 சதுர சென்டிமீட்டர். பற்கள் நீங்கலான பகுதி முழுவதையும் எப்போதும் ஈரமாக இருக்கும் சளிச்சவ்வு மூடியிருக்கிறது. ஆனால் அது இடத்துக்கு இடம் மாறுகிறது.

உணவு நேரடியாக உரசும் ஈற்றிலும் கடினமான அண்ணத்திலும் இந்தச் சவ்வு தடித்தது. நம் நகத்திலும் முடியிலும் இருக்கும் கெரட்டின் என்ற புரதம் இதன் மேலடுக்கை உறுதியாக்குகிறது. அடியில் உள்ள எலும்போடு அது அசையாமல் ஒட்டியிருக்கிறது. உதட்டின் உட்புறம், கன்னம், நாக்கின் அடிப்பக்கம், வாயின் தரை, மென்மையான அண்ணம் ஆகிய இடங்களில் உள்ள சவ்வு இதற்கு நேர்மாறானது: மெல்லியது, இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும், எளிதில் கிழியும். உள்ளங்கால் தோலுக்கும் கண்ணிமைத் தோலுக்கும் உள்ள வேறுபாடு போன்றது இது. மூன்றாவது வகை, நாக்கின் மேற்பரப்பில் மட்டும் இருப்பது. சுவை உறுப்புகளைத் தாங்குவதால் அது தனி வகையாக எண்ணப்படுகிறது.

பல் மருத்துவர் அண்ணத்தில் ஊசி போட்டால் உயிர் போவதுபோல வலிப்பதும், கன்னத்தில் போட்டால் அவ்வளவாக வலிக்காததும் இதனால்தான். கன்னத்தில் மருந்து பரவ இடம் இருக்கிறது. அண்ணத்திலோ, எலும்போடு ஒட்டிய சவ்வைப் பிரித்துக்கொண்டுதான் மருந்து உள்ளே போக வேண்டும்.

உதடு மட்டும் ஏன் சிவப்பாக இருக்கிறது? ஏன் அடிக்கடி வெடிக்கிறது?

முகத் தோலுக்கும் வாயின் உட்சவ்வுக்கும் இடைப்பட்ட எல்லைப் பகுதி அது. அங்கே மேல்தோல் மிக மெலிந்து, அடியில் உள்ள நுண்ணிய இரத்தக் குழாய்கள் வெளியே நிழலாடுவதால் சிவப்பு தெரிகிறது. மெலனின் நிறமி மிகுந்தவர்களுக்கு அது பழுப்பாகவோ கருமையாகவோ தெரியும், இரண்டும் இயல்பே. அந்தப் பகுதியில் வியர்வைச் சுரப்பியும் இல்லை, உமிழ்நீர்ச் சுரப்பியும் இல்லை. தன்னைத் தானே ஈரமாக்கிக்கொள்ள வழியில்லாததால் மார்கழிப் பனியிலும் குளிர்சாதன அறையிலும் முதலில் காய்வது உதடுதான். நாக்கால் நக்குவது அந்த நேரத்துக்கு இதமாக இருக்கும். எச்சில் ஆவியாகும்போது இருந்த ஈரமும் சேர்ந்து போய்விடும்.

உதட்டின் ஓரத்திலும் கன்னத்தின் உட்புறத்திலும் கசகசாவைத் தூவியதுபோல மஞ்சள் நிறப் புள்ளிகள் பலருக்கு உண்டு. அவை வழிதவறி அங்கே வளர்ந்த எண்ணெய்ச் சுரப்பிகள். 1896-ல் அவற்றை விவரித்த அமெரிக்கத் தோல் மருத்துவர் ஃபோர்டைஸின் பெயரால் ஃபோர்டைஸ் புள்ளிகள் என்று அழைக்கப்படுகின்றன. அவற்றுக்கு மருத்துவம் தேவையில்லை. கிள்ளாமல் இருந்தால் போதும்.

கன்னத்தின் உட்புறம் வெள்ளைக் கோடும் சிறு மேடும் தெரிகின்றனவே?

மேல் பற்களும் கீழ்ப் பற்களும் சந்திக்கும் மட்டத்தில் கிடையாக ஓடும் வெள்ளைக் கோடு, தொடர்ந்த உராய்வால் ஏற்பட்ட தடிப்பு. உழைப்பவர் கையில் காய்ப்பு ஏறுவதைப் போன்றது.

மேடு வேறு கதை. மேல் தாடையின் இரண்டாவது கடைவாய்ப் பல்லுக்கு நேர் எதிரே கன்னத்தில் இருக்கும் அந்தச் சிறு மேடு, காதுக்கு முன்னும் கீழும் அமைந்த பரோடிட் உமிழ்நீர்ச் சுரப்பியின் வாசல். சுரப்பியிலிருந்து ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் நீளக் குழாய் ஒன்று முன்னோக்கி வந்து, கன்னத் தசையைத் துளைத்துக்கொண்டு இங்கே திறக்கிறது. எலுமிச்சையைக் கடித்தவுடன் இந்த மேட்டிலிருந்து உமிழ்நீர் சுரந்து வருவதைக் கண்ணாடியில் பார்க்கலாம். பொன்னுக்கு வீங்கி வந்த குழந்தை புளிப்பான எதையும் சாப்பிட மறுத்து அழுவதற்குக் காரணமும் இதுவே: அழற்சியுற்ற சுரப்பி, புளிப்பு பட்டதும் சுரக்க முயன்று, இறுகிய உறைக்குள் வீங்கி வலிக்கிறது.

அந்தக் குழாய் துளைத்துவரும் கன்னத் தசையின் வேலையையும் சொல்லிவிடுகிறேன். உணவு கொடுப்பில் ஒதுங்கிவிடாமல் மீண்டும் மீண்டும் பற்களுக்கு இடையே தள்ளிக்கொடுப்பது அதுதான். முக வாதம் வந்தவர்கள், சாப்பிட்டு முடித்தபின் ஒரு பக்கக் கன்னத்தில் சோறு தேங்கிக் கிடக்கிறது, விரலை விட்டு எடுக்க வேண்டியிருக்கிறது என்று சொல்வார்கள். அந்தப் பக்கத் தசைக்கு நரம்பின் ஆணை வருவதில்லை.

என் ஈறு கறுப்பாக இருக்கிறது. அது நோயா?

பெரும்பாலும் இல்லை. ஆரோக்கியமான ஈறு இளஞ்சிவப்பாகத்தான் இருக்கும் என்ற எண்ணம் பற்பசை விளம்பரங்கள் தந்தது. தோலுக்கு நிறம் தரும் மெலனின்தான் ஈற்றுக்கும் நிறம் தருகிறது. நம் ஊர்களில் கரும்பழுப்புத் திட்டுகளோ பட்டைகளோ உள்ள ஈறு மிகச் சாதாரணம். சிறு வயதிலிருந்தே இருந்து, இருபுறமும் ஒத்திருந்தால் கவலை வேண்டாம். புகைப்பவர்களுக்கு முன் ஈற்றில் கருமை கூடுவது உண்டு. புதிதாக ஓர் இடத்தில் மட்டும் கரும்புள்ளி தோன்றி வளர்ந்தால் காட்ட வேண்டும்.

நிறத்தைவிட அமைப்பைப் பாருங்கள். நல்ல ஈறு பல்லைக் கழுத்துப் பட்டை போலச் சுற்றி, இரு பற்களுக்கு இடையே கூம்பாக நிமிர்ந்து நிற்கும். ஆரஞ்சுத் தோல் போல நுண்ணிய குழிகள் அதில் தெரியலாம். பல்லுக்கும் ஈற்றின் விளிம்புக்கும் இடையே 1 முதல் 3 மில்லிமீட்டர் ஆழமான பள்ளம் இருக்கும். அதில் அழுக்குப் படலம் தேங்கினால் ஈறு வீங்கும், தொட்டால் இரத்தம் வரும், காலப்போக்கில் பள்ளம் ஆழமாகும். கறுப்பு ஈறு இயல்பு. பல் துலக்கும்போது இரத்தம் வரும் ஈறு இயல்பன்று. பலரும் இதைத் தலைகீழாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஈறு பல்லை மூடுமளவுக்கு வளர்கிறதே, ஏன்?

என்னென்ன மாத்திரைகள் சாப்பிடுகிறீர்கள் என்பதை மருத்துவரிடம் சொல்லுங்கள். வலிப்புக்குத் தரப்படும் ஃபெனிட்டோயின், இரத்த அழுத்தத்துக்குத் தரப்படும் நிஃபெடிபின், அம்லோடிபின் போன்றவை சிலருக்கு ஈற்றை வளரச் செய்யும். மாத்திரையை நீங்களே நிறுத்திவிடாதீர்கள். கர்ப்ப காலத்திலும் ஈறு வீங்குவது உண்டு. பேறுகாலத்துக்குப் பின் அது பெரும்பாலும் தணியும்.

மேல் அண்ணத்தில் வரிவரியாக இருப்பது என்ன? நடுவில் எலும்பு போல ஒரு கட்டி இருக்கிறதே?

அண்ணத்தின் முன்பகுதிக்கு உள்ளே எலும்பு உண்டு. அது வன் அண்ணம். பின்பகுதி தசையால் ஆனது. அது மென் அண்ணம். நாக்கு நுனியால் முன்பற்களின் பின்னிருந்து தடவிக்கொண்டே போனால், எலும்பு முடிந்து பஞ்சு போல மெத்தென்று மாறும் இடம் உங்களுக்கே தெரியும். முன்பகுதியில் உள்ள குறுக்கு வரிகள், உணவை நாக்கு அழுத்தி நசுக்கும்போது வழுக்கிவிடாமல் பிடித்துக்கொள்ள உதவுகின்றன. முன்பற்களுக்கு நேர் பின்னால் இருக்கும் சிறு சதை மேட்டின் அடியில், நரம்பும் இரத்தக் குழாயும் வரும் துளை இருக்கிறது. அடுப்பிலிருந்து இறக்கிய பஜ்ஜியை அவசரமாகக் கடித்தால் வெந்து தோலுரிவது இந்த வரிகளும் மேடும்தான்.

நடுக்கோட்டில், கல் போலக் கெட்டியாக, வலியின்றி, ஆண்டுக்கணக்காக மாறாமல் இருக்கும் புடைப்பு, எலும்பின் இயல்பான மிகைவளர்ச்சியாக இருக்கக்கூடும். இது அரிதன்று. பல்செட் பொருத்தும்போது இடைஞ்சல் தந்தால் மட்டும் அகற்றுவார்கள். ஆனாலும் முதல் தடவை ஒருவர் பார்த்து உறுதிசெய்வது நல்லது.

உள்நாக்கு வளர்ந்துவிட்டது என்கிறார்களே, அது என்ன?

ஒரே பெயரால் மூன்று வெவ்வேறு உறுப்புகளைக் குறிப்பதால் வரும் குழப்பம் இது. மென் அண்ணத்தின் நடுவில் மணி நாக்கு போலத் தொங்குவதுதான் உள்நாக்கு, பழைய வழக்கில் உண்ணாக்கு. அதற்கு இருபுறமும், முன் மடிப்புக்கும் பின் மடிப்புக்கும் இடையே உள்ள குழியில் இருப்பவை டான்சில்கள். நாக்கின் வேர்ப்பகுதியிலும் அதே வகைத் திசு இருக்கிறது. குழந்தைக்குக் காய்ச்சலும் தொண்டை வலியும் வந்து உள்நாக்கு வளர்ந்துவிட்டது என்று அழைத்து வரும்போது, உண்மையில் வீங்கியிருப்பது பெரும்பாலும் டான்சில். நோய்க்கிருமிகளை வாசலிலேயே இனம் காணும் காவல் திசு அது; சிறு வயதில் பெரிதாக இருந்து, வளர வளரச் சுருங்கும். உள்நாக்கைத் தூக்கிவிடுவதாகச் சொல்லி விரலை விட்டு அழுத்தும் வழக்கம் சில ஊர்களில் இன்னும் இருக்கிறது. அதனால் புண்ணும் இரத்தக்கசிவும் வருவதைத் தவிர வேறு பயன் இல்லை.

மென் அண்ணத்தின் வேலை பெரியது. விழுங்கும் நொடியில் அது மேலெழுந்து, மூக்குக்குப் போகும் வழியை அடைக்கிறது. சிரித்துக்கொண்டே தண்ணீர் குடித்தால் மூக்கில் ஏறுவது, அந்த அடைப்பு தவறியதால். மென் அண்ணத்தை இழுத்துப் பிடிக்கும் தசைகளில் ஒன்று, நடுக்காதிலிருந்து தொண்டைக்கு வரும் குழாயையும் திறந்துவிடுகிறது. கொடைக்கானல் மலைப்பாதையில் பேருந்து ஏறும்போது அடைத்த காது, எச்சிலை விழுங்கியதும் பட்டென்று திறப்பது அந்தத் தசையின் செயல்தான். ஆ என்று சொல்லச் சொல்லி மருத்துவர் பார்ப்பதற்கும் பொருள் உண்டு: உள்நாக்கு நேராக மேலே போக வேண்டும், ஒரு பக்கம் சாய்ந்தால், மறுபக்க நரம்பில் குறை இருக்கலாம்.

உதட்டுப் பிளவும் அண்ணப் பிளவும் எப்படி ஏற்படுகின்றன?

முதலில் ஒரு சிறு திருத்தம். செய்தித்தாள்களிலும் முகாம் பதாகைகளிலும் அன்னப் பிளவு என்று அச்சிடுகிறார்கள். அன்னம் பறவை அல்லது சோறு. வாயின் கூரை அண்ணம்.

கருவில் முகம் ஒரே துண்டாக உருவாவதில்லை. பக்கங்களிலிருந்தும் மேலிருந்தும் வளர்ந்து வரும் முகைகள் ஒன்றோடொன்று இணைந்து முகமாகின்றன. மேல் உதடு இணைவது கருவின் 4 முதல் 7 வாரங்களுக்குள். அண்ணத்தின் இரு தட்டுகளும் முதலில் நாக்கின் இருபுறமும் செங்குத்தாகத் தொங்கி, பின்னர் கிடைநிலைக்கு உயர்ந்து, ஏறத்தாழ 12-ஆம் வாரத்துக்குள் நடுவில் இணைந்துவிடும். இந்த இணைவு ஏதோ ஓர் இடத்தில் நடக்காமல் போனால் பிளவு ஏற்படுகிறது. தாய் கிரகணத்தைப் பார்த்ததாலோ, அப்போது காய் நறுக்கியதாலோ இது வருவதில்லை. அந்தப் பழியைச் சுமந்துகொண்டு வரும் இளந்தாய்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. பொதுவாக உதட்டை 3 முதல் 6 மாதங்களிலும், அண்ணத்தை 9 முதல் 18 மாதங்களிலும் அறுவை மருத்துவத்தால் இணைக்கிறார்கள். காதுக் குழாயைத் திறக்கும் தசை அண்ணத்தில் இருப்பதால், இக்குழந்தைகளின் செவித்திறனையும் அவ்வப்போது சோதிக்க வேண்டும்.

நாக்கின் பின்பகுதியில் பெரிய பெரிய மொட்டுகள் இருக்கின்றன. புற்றுநோயா?

இந்தக் கேள்விக்குப் பின்னால் பெரும்பாலும் தூக்கம் கெட்ட ஓர் இரவு இருக்கும். ஒருவர் நள்ளிரவில் கைப்பேசி விளக்கில் நாக்கை முழுதாக நீட்டிப் பார்த்து, படமும் எடுத்து, காலையில் மனைவியோடு வந்து நின்றார். படத்தில் 9 மொட்டுகள், அம்பின் தலை போல இரு வரிசையாக, கூர்முனை தொண்டையை நோக்கி. நான் அவருடைய மனைவியை நாக்கை நீட்டச் சொன்னேன். அவருக்கும் அதேபோல இருந்தது. கணவரின் முகம் தெளிய அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

எல்லோருக்கும் இப்படி 8 முதல் 12 வரை உண்டு. ஒவ்வொன்றையும் சுற்றி அகழி போன்ற பள்ளம் இருக்கும். சுவை மொட்டுகள் அந்தப் பள்ளத்தின் சுவரில் இருக்கின்றன. நாக்கின் மேற்பரப்பு முழுவதும் நெருக்கமாக, வெல்வெட்டுத் துணி போலத் தோன்றும் நூலிழை முகைகளுக்குச் சுவை தெரியாது. உணவைப் பற்றி நகர்த்துவதே அவற்றின் வேலை. அவற்றுக்கு இடையே சிவப்புப் புள்ளிகளாகத் தெரியும் காளான் வடிவ முகைகளும், நாக்கின் பின்பக்க ஓரத்தில் மடிப்பு மடிப்பாக இருப்பவையும் சுவைக்குரியவை. பக்கவாட்டில் உள்ள அந்த மடிப்புகளையும் பலர் கட்டி என்று நினைத்துவிடுகிறார்கள். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள். ஒத்திருந்தால் பெரும்பாலும் அமைப்பு. ஒரு பக்கம் மட்டும் இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

நூலிழை முகைகள் ஆங்காங்கே உதிர்ந்து, வரைபடம் போலச் சிவப்புத் திட்டுகள் தோன்றி நாளுக்கு நாள் இடம் மாறினால், அது தீங்கற்ற நிலை. காரம் பட்டால் எரியும், அவ்வளவுதான்.

நுனியில் இனிப்பு, பின்னால் கசப்பு என்ற வரைபடம் சரியா?

தவறு. 1901-ல் ஹேனிக் என்ற ஜெர்மானியர், நாக்கின் சில பகுதிகளில் சில சுவைகளுக்கான உணர்திறன் சற்றே கூடுதலாக இருப்பதை அளந்தார். 1942-ல் அமெரிக்க உளவியலாளர் எட்வின் போரிங் அதை மீண்டும் எழுதியபோது அந்தச் சிறு வேறுபாடு பெரிதாகிவிட்டது. பின்னர் பாடநூல்களில் தனித்தனி நாடுகளின் எல்லை போல வரையப்பட்டது. சுவை மொட்டுகள் உள்ள எந்த இடத்திலும் எல்லாச் சுவைகளும் தெரியும். ஒரு சொட்டுத் தேனை நாக்கின் ஓரத்தில் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். மென் அண்ணத்திலும்கூடச் சுவை மொட்டுகள் உண்டு. ஒவ்வொரு மொட்டின் உயிரணுக்களும் ஏறத்தாழ 10 நாள்களில் புதுப்பிக்கப்படுவதால்தான் சூடான காபியால் சுட்டுக்கொண்ட நாக்குக்குச் சில நாள்களில் சுவை திரும்புகிறது.

அறுசுவையின் கதை இன்னும் சுவையானது. இனிப்பு, புளிப்பு, உவர்ப்பு, கசப்பு ஆகிய நான்கும் சுவை மொட்டின் வழியாகவே உணரப்படுகின்றன. கார்ப்பு அப்படியன்று. மிளகாயின் கேப்சைசின், சூட்டையும் வலியையும் உணரும் நரம்பு முனைகளில் உள்ள ஏற்பியைத் தூண்டுகிறது. அதனால்தான் காரம் எரிகிறது, கண்ணில் பட்டாலும் எரிகிறது. 1997-ல் அந்த ஏற்பியை அடையாளம் கண்ட டேவிட் ஜூலியஸ் 2021-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். மிளகாய் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வருமுன் நம் கார்ப்புக்கு ஆதாரமாக இருந்த மிளகின் பைப்பெரினும் அதே ஏற்பியைத்தான் தொடுகிறது. துவர்ப்போ பெருமளவு தொடு உணர்ச்சி: நாவற்பழத்திலும் வாழைப்பூவிலும் உள்ள டானின்கள் என்ற துவர்ப்புப் பொருள்கள் உமிழ்நீரின் வழவழப்பான புரதங்களைப் பற்றித் திரளச் செய்வதால் வாய் வறண்டு இறுகுவதுபோல இருக்கிறது. மறுபக்கம், நம் ஆறில் இடம்பெறாத ஒரு சுவையை ஜப்பானியரான இக்கேடா கிக்குனே 1908-ல் கடற்பாசிச் சாற்றிலிருந்து பிரித்தறிந்து உமாமி என்று பெயரிட்டார். பெயர்தான் புதிது, கருவாட்டுக் குழம்பிலும் தக்காளி ரசத்திலும் அதை நாம் நாள்தோறும் உண்டு வருகிறோம்.

வலிப்பு வந்தவர் நாக்கை விழுங்கிவிடுவாரா?

விழுங்க முடியாது. நாக்கு கீழ்த்தாடையின் உட்புறத்தோடும் தொண்டை எலும்போடும் தசையால் கட்டப்பட்டிருக்கிறது. உணர்விழந்து தசை தளரும்போது நாக்கின் வேர் பின்னால் சரிந்து மூச்சு வழியை அடைக்கலாம் என்பது உண்மை. அதற்கு, வலிப்பு தணிந்ததும் அவரை ஒருக்களித்துப் படுக்கவைப்பதே வழி. வாயில் கரண்டியையோ துணியையோ திணித்தால் பல் உடையும், உடைந்த பல் மூச்சுக்குழாயில் போகும், உங்கள் விரலும் கடிபடும்.

நாக்கு ஒட்டியிருந்தால் குழந்தைக்குப் பேச்சு வராதா?

நாக்கின் அடியில், நடுவில் உள்ள மெல்லிய நாண் சிலருக்குக் குட்டையாகவோ நுனி வரை நீண்டோ இருக்கும். பேச்சே வராமல் போவதற்கு அது காரணமாகாது. பேச்சு தாமதமானால் முதலில் காது கேட்கிறதா என்று சோதிக்க வேண்டும். நாண் மிகவும் இறுகியிருந்தால் பிறந்த குழந்தை பால் உறிஞ்சச் சிரமப்படலாம். பின்னாளில் நுனிநாக்கு மேலெழ வேண்டிய ஒலிகள் தெளிவில்லாமல் போகலாம். தமிழுக்கு இது பொருந்தும். ழகரம், நுனிநாக்கு உயர்ந்து அண்ணத்தை வருடுவதால் பிறக்கிறது என்று தொல்காப்பியத்தின் பிறப்பியல் சொல்கிறது. டகரமும் ணகரமும் நுனிநா அண்ணத்தைத் தொடுவதால் பிறப்பவை. ஆனால் ழகரம் வராத எல்லோருக்கும் நாண் காரணமில்லை. நாக்கு நன்றாகச் சுழலும் பெரியவர்களே வாளப்பளம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

இதய மாத்திரையை ஏன் நாக்குக்கு அடியில் வைக்கச் சொல்கிறார்கள்?

வாயின் தரையில் உள்ள சவ்வு மிக மெல்லியது. அதன் கீழே சிரைகள் நிறைந்திருக்கின்றன. நாக்கைத் தூக்கினால் நீலமாகத் தெரிபவற்றை நாம் நரம்பு என்று சொன்னாலும் அவை சிரைகளே. அங்கே கரையும் மருந்து, இரைப்பைக்கும் கல்லீரலுக்கும் போகாமல், சில நிமிடங்களில் நேராக இரத்தத்தில் கலக்கிறது. விழுங்கினால் அந்த விரைவு கிடைக்காது. வயதானவர்களுக்கு அச்சிரைகள் புடைத்துத் தெரிவது பெரும்பாலும் இயல்பே.

ஒரு நாளைக்கு எவ்வளவு உமிழ்நீர் சுரக்கிறது?

ஏறக்குறைய அரை லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை. பரோடிட், கீழ்த்தாடை, நாவடி என்று மூன்று இணை பெரிய சுரப்பிகளும், உதடு, கன்னம், அண்ணம் எங்கும் சிதறிய நூற்றுக்கணக்கான சிறு சுரப்பிகளும் சேர்ந்து தருகின்றன. உதட்டைக் கடித்துக்கொண்டபின் நீர்க் குமிழ் போல ஒன்று எழுந்து, உடைந்து, மீண்டும் வந்தால், ஒரு சிறு சுரப்பியின் குழாய் அறுந்து உமிழ்நீர் திசுவுக்குள் தேங்குகிறது என்று பொருள். ஊசியால் குத்தினால் தீராது. சாப்பிடும்போது மட்டும் தாடைக்குக் கீழே வீங்கி, சற்று நேரத்தில் வற்றினால், கீழ்த்தாடைச் சுரப்பியின் குழாயில் கல் இருக்கலாம். உமிழ்நீர்க் கற்களில் பெரும்பாலானவை அங்கேதான் உருவாகின்றன. குழாய் கீழிருந்து மேல்நோக்கி ஏறுவதும், நீர் கெட்டியாக இருப்பதும் காரணங்கள்.

கீழ்ப் பல்லுக்கு ஊசி போட்டால் நாக்கும் உதடும் ஏன் மரத்துப்போகின்றன?

கீழ்த்தாடை எலும்பு அடர்த்தியானது. பல்லுக்கு அருகில் போட்ட மருந்து கடைவாய்ப் பகுதியில் போதுமான அளவு ஊறாது. ஆகவே நரம்பு எலும்புக்குள் நுழையும் இடத்திலேயே மருந்தைச் செலுத்துகிறோம். அந்த நரம்பின் கிளை கீழ் உதட்டுக்கும் தாடைக்கும் போகிறது. நாக்கின் முன்பகுதிக்கான நரம்பு அதன் பக்கத்திலேயே ஓடுகிறது. எல்லாம் சேர்ந்து இரண்டு மூன்று மணி நேரம் மரத்திருக்கும். குழந்தைகள் மரத்த உதட்டை மென்று புண்ணாக்கிக்கொள்வார்கள். மரப்பு போகும்வரை பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

பாக்கு போடுகிறவர்களுக்கு வாய் திறக்க முடியாமல் போவது ஏன்?

வாயின் உட்சவ்வுக்கு அடியில் உள்ள திசு நாராக மாறிவிடுவதால். இந்நோயை 1952-ல் கிழக்கு ஆப்பிரிக்காவில் வாழ்ந்த இந்தியப் பெண்களிடம் ஷ்வார்ட்ஸ் என்பவர் முதலில் விவரித்தார். பாக்கில் உள்ள அரிக்கோலின் போன்ற பொருள்கள், திசுவுக்கு உறுதி தரும் கொலாஜன் என்ற புரத இழைகளின் உற்பத்தியைக் கூட்டுகின்றன. டானின்கள் அவ்விழைகள் சிதையாமல் தடுக்கின்றன. மெல்லியதாக, இழுத்தால் நீள வேண்டிய கன்னச் சவ்வு வெளிறி, விரலால் தடவினால் கயிறு போன்ற பட்டைகள் தட்டுப்படும். முதல் அறிகுறி பெரும்பாலும் எரிச்சல்: நேற்று வரை சாப்பிட்ட சாம்பார் இன்று காரமாக இருக்கிறது என்பார்கள். பிறகு வாய் குறுகும். உங்கள் நடு மூன்று விரல்களைச் செங்குத்தாக அடுக்கி முன்பற்களுக்கு இடையே வைத்துப் பாருங்கள். பெரியவர்கள் பெரும்பாலானோருக்கு அவை நுழையும். இரண்டு விரல்தான் நுழைகிறது என்றால் காட்ட வேண்டிய நேரம்.

புகையிலை சேர்க்காத வெறும் பாக்கு தீங்கற்றது என்பார்கள். பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-ல் பாக்கையே புற்றுநோய் உண்டாக்கும் பொருளாக வகைப்படுத்திவிட்டது. நாராகிய வாய் முழுமையாகப் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. பாக்கை நிறுத்தினால் மேலும் மோசமாவதைக் குறைக்கலாம்.

எந்த இடத்தில் அடக்குகிறோமோ அந்த இடத்தில் நோய் வரும் என்பதற்கு நம் நாட்டில் சான்றுகள் நிறைய. புகையிலையைக் கொடுப்பில் அடக்குபவர்களுக்குக் கன்னத்திலும் ஈற்றுப் பள்ளத்திலும் புற்று வருகிறது. ஆந்திரக் கடற்கரையின் ஸ்ரீகாகுளம், விசாகப்பட்டினம் பகுதிகளில் சுட்டா என்ற சுருட்டின் எரியும் முனையை வாய்க்குள் வைத்துப் புகைக்கும் பெண்களுக்கு, மற்ற இடங்களில் அரிதான வன் அண்ணப் புற்று வருகிறது.

எந்த வாய்ப்புண்ணைக் காட்ட வேண்டும்?

சாதாரண வாய்ப்புண், அசையும் மெல்லிய சவ்வில் வரும். உணவு பட்டால் உயிர் போகும். ஒன்று முதல் இரண்டு வாரங்களுக்குள் தானே ஆறும். வாய்த் திசுவுக்கு இரத்த ஓட்டம் மிகுதி, உமிழ்நீரும் உதவுகிறது. ஆகவே இங்கே காயங்கள் தோலைவிட விரைவாக, தழும்பு குறைவாக ஆறுகின்றன. அப்படி ஆற வேண்டிய இடத்தில் இரண்டு வாரம் கடந்தும் ஆறாத புண் எதுவானாலும், வலி இல்லாவிட்டாலும், காட்டுங்கள். வழித்தால் போகாத வெள்ளைத் திட்டு, காரணமில்லாத சிவப்புத் திட்டு, தொட்டால் கெட்டியாக இருக்கும் விளிம்பு, மரத்துப்போன உதடு ஆகியவையும் இதில் அடங்கும்.

வீட்டில் எப்படிப் பார்த்துக்கொள்வது?

பல்செட் இருந்தால் முதலில் கழற்றிவிடுங்கள். அதன் அடியில் இருப்பதுதான் அதிகம் தவறிப்போகிறது. வெளிச்சத்தில் கண்ணாடி முன் நின்று, உதடுகளை மடித்துப் பாருங்கள்; இரு கன்னங்களையும் விரலால் விலக்கிப் பாருங்கள்; தலையைச் சாய்த்து அண்ணத்தைப் பாருங்கள். நாக்கு நுனியைச் சுத்தமான துணியால் பிடித்து இடமும் வலமும் இழுத்து, பின்பக்க ஓரங்களைப் பாருங்கள். கடைசியாக நாக்கை அண்ணத்தில் ஒட்டவைத்து வாயின் தரையைப் பாருங்கள். மாதம் ஒரு முறை, இரண்டு நிமிடம். நாக்கின் ஓரத்தையும் வாயின் தரையையும் பார்க்காமல் முடித்துவிடாதீர்கள். பலரும் நாக்கை முன்னால் நீட்டிப் பார்த்ததோடு விளக்கை அணைத்துவிடுகிறார்கள்.